பாய்க்கப்பலில் ஒரு குடும்பம்

பெட்டி படுக்கை, குழந்தை குட்டிகளுடன் இரண்டு இரவுகள் ரயிலில் பிரயாணம் செய்வது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. புளியோதரையும் கூஜாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மறந்த பொருளை அடுத்த ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஸ்டேஷன் மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? அவ்வாறு புறப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

டூகல் ராபர்ட்ஸன் ஸ்காட்லாந்துக்காரர். வணிகக் கப்பல்களில் அதிகாரியாய் இருந்து, பிறகு இங்கிலாந்தில் பால்பண்ணை நடத்தி வந்தவர். மனைவி லின், தாதித் தொழில் பயின்றவர். மக்களுக்கு உலகைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வலுக்கவே, பண்ணையை விற்று, 1922-இல் கட்டப்பட்ட ‘லூஸெட்’ என்னும் 43 அடி நீளமுள்ள பாய்க்கப்பலை வாங்கினார். 1971 ஜனவரியில் மக்கள் நால்வருடன் ஃபால்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார்.

இத்தகைய பிரயாணத்திற்கு வழி வகுப்பது எங்ஙனம்? ரயிலுக்குக் கால அட்டவணை எழுதுவோர் நாங்கள். பாய்க்கப்பலுக்கு அதை எழுதுவது காற்று. வெப்ப மண்டலக் கடல்களில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும் காற்றை வியாபாரக் காற்று என்பர். கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டுத் தொழில் நடத்தும் நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஆதலால் அட்லாண்டிக்கைக் குளிர் மாதங்களில் கடப்பது மரபு. அப்பால் பனாமாக் கால்வாய், கலாபகோஸ் தீவுகள், பின்னர் ஏறக்குறைய மூவாயிரம் மைல் தொலைவிலுள்ள மார்க்கேசாஸ் தீவுகள். காற்றும் நீரோட்டமும் தாமே தள்ளிக்கொண்டு போகும். போவது எளிது, திரும்பி வருவதுதான் அரிது.

மூத்த மகள் பஹாமாத் தீவுகளில் தங்கிவிட்டாள். பனாமாவில் ஓர் இளைஞர் உடன் சேர்ந்துகொண்டார். 1972 ஜூன் 15-ஆம் நாள், கலாபகோஸுக்கு மேற்கே சுமார் 200 மைலில், கொலைத் திமிங்கிலங்கள் கப்பலின் அடிப்பாகத்தை இடித்து உடைத்தன. சில நிமிஷங்களில் கப்பல் மூழ்கியது. காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்றும் சிறு படகு ஒன்றும் மிஞ்சின. கொஞ்சம் வெங்காயம், சில ஆரஞ்சுப் பழங்கள், எலுமிச்சம்பழங்கள், லின் அம்மையாரின் தையற்கூடை, சில நாளுக்கே போதிய தண்ணீர். ஆறு உயிர்கள்.

இங்கேதான் ராபர்ட்ஸன் உண்மையான திட்டம் போட்டார். அருகிலிருந்த தீவுகள் கிழக்கே. ஆயினும் எதிர்க்காற்றில் அங்கே போக இயலாது. மேற்கே போகவோ தண்ணீர் போதாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே காற்று ஓய்ந்து மழை மிகும் வட்டாரம் உண்டு என்பதைப் பழைய மாலுமியாகிய அவர் அறிவார். கரையைத் தேடாமல் மழையைத் தேடி வடக்கே செல்லத் தீர்மானித்தார். என்னைக் கேட்டால், அவர்களைக் காத்தது அந்தத் தீர்மானமே.

ஏழாம் நாள் ஒரு கப்பல் இவர்களைக் காணாமலே சென்றுவிட்டது. மழை வந்தது; நீரைச் சேமித்தனர். கடலாமைகளைப் பிடித்து, இறைச்சியை வெயிலில் உலர்த்தி உண்டனர். சைவ அன்பர்கள் முகம் சுளிக்கலாம். அங்கே வேறு ஆகாரம் இல்லை. அழுக்கேறி, வாயால் பருகத் தகாத தண்ணீரையும் லின் அம்மையார் வீணாக்கவில்லை. எனிமா கொடுத்து உடலில் நீர்ச்சத்து குன்றாமல் பார்த்துக்கொண்டார். இரண்டரை வாரத்திற்குள் மிதவை நைந்துபோயிற்று. அதைக் கைவிட்டு, பத்தடிக்கும் குறைந்த சிறு படகில் அறுவரும் நெருக்கியடித்து அமர்ந்தனர். ஒருவர் அசைந்தால் மற்றவர் எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் படகு கவிழும்.

ஜூலை 23-ஆம் நாள், ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களைக் கண்டு மீட்டது. அறுவரும் பிழைத்தனர்.

இன்று கடலோடும் குடும்பங்கள், விண்கோள் வழியே அபாயக்குறி அனுப்பும் கருவியை உடன் கொண்டு செல்கின்றன. தண்ணீர், தூண்டில், மருந்து முதலியவற்றைத் தனிப்பையில் கட்டி, கைக்கெட்டும் இடத்திலேயே வைக்கின்றனர். ராபர்ட்ஸன் 1973-இல் வெளியிட்ட நூலைப் படித்து இவ்வாறு பை கட்டக் கற்றவர் பலர். அந்தச் சிறு படகு பிற்காலத்தில் ஃபால்மத்திலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்திற்கு அளிக்கப்பட்டது.