நகத்தில் ஒட்டிய முகவரி

முதுமையில் வரும் மறதிநோயைக் குறித்துப் பேசுங்கால், பெயர் மறந்துபோவதையே நாம் பெரிதாக நினைக்கிறோம். வழி மறந்துபோவது அதனினும் கொடிது. ஜப்பான் நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயுற்றோருள் 19,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனதாகக் காவல்துறையிடம் முறையிடப்பட்டது.

டோக்கியோவுக்கு வடக்கேயுள்ள இருமா நகராட்சி 2016இல் ஓர் எளிய வழி கண்டது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒட்டுத்தாளில் கியூ.ஆர். குறியீட்டை அச்சிட்டு, முதியோரின் கைவிரல் அல்லது கால்விரல் நகத்தில் ஒட்டச் செய்தது. அதனைக் கைப்பேசியால் படித்தால், நகராட்சியின் தொலைபேசி எண்ணும் அம்முதியவரின் பதிவெண்ணும் தெரியவரும். ஆடையிலும் காலணியிலும் ஒட்டும் தாள்கள் முன்பே இருந்தன. வெறுங்காலுடன் புறப்பட்டுவிடுகிறவருக்கு அவை என் செய்யும்? நகம் உடன் செல்கிறதன்றோ!

காலணிக்குள் செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவி, கதவு திறந்தால் ஒலிக்கும் மணி, அறைக்குள் கேமரா ஆகியனவும் இன்று கிடைக்கின்றன. கதவு மணியை நாம் தயக்கமின்றி வரவேற்கிறோம். கேமராவின் காரியம் வேறு. தந்தை உடை மாற்றுவதைத் தொலைவிலுள்ள பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது முறையாகுமா? அறிவு தளர்ந்த தந்தையையும் இழிவுபடுத்தலாகாதெனச் சீராக் ஆகமத்தின் 3ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஆகவே நோயின் தொடக்கத்திலேயே, அவர் தம் விருப்பத்தைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கையில், எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என அவரையே கேட்டறிய வேண்டும்.

இருமா நகரின் ஒட்டுத்தாள் நீரில் நனைந்தாலும் ஏறத்தாழ இரு வாரம் தாங்கும். பின்னர் வீட்டார் ஒருவர் அருகமர்ந்து, அவர் விரலைப் பிடித்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.