தடுப்பூசி செலுத்தி ஆண்டுகள் ஆனபின் எழும் அச்சம்: சில விளக்கங்கள்

கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டு ஆண்டுகள் சில கடந்த பின்னரும், “அந்த ஊசியால் இனி ஏதேனும் நேருமா?” என்னும் கேள்வியோடு பலர் நம் மருத்துவமனைக்கு வருகின்றனர். சிலர் டி-டைமர் பரிசோதனை எழுதித் தருமாறு கேட்கின்றனர். வேறு சிலர், நெஞ்சில் வலி தோன்றும்போது அதனை ஊசியின் விளைவு என்று தாமே முடிவு செய்துகொண்டு, உரிய நேரத்தில் மருத்துவரைக் காணாமல் இருந்துவிடுகின்றனர். முன்னதால் வீண்செலவு, பின்னதால் உயிருக்கே இடர். ஆகவே, இத்தடுப்பூசிகளின் பக்கவிளைவுகள் யாவை, அவை எந்தக் காலத்திற்குள் தோன்றுபவை என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

முதல் சில நாள்கள்

இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் பெரும்பாலோர் பெற்றவை கோவிஷீல்டும் கோவாக்சினும் ஆகும். பெருகும் ஆற்றல் நீக்கப்பட்ட அடினோ வைரஸ் ஒன்றின் வழியாகக் கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்திற்கான குறிப்பை உடலுக்குள் கொண்டு செல்வது கோவிஷீல்டு. செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸைக் கொண்டது கோவாக்சின். எதுவாயினும், உடலின் எதிர்ப்பாற்றல் விழித்தெழும்போது ஊசி போட்ட இடத்தில் வலி, காய்ச்சல், உடல்வலி, தலைவலி, சோர்வு ஆகியவை தோன்றுவது இயல்பு. இவை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் தாமே அடங்கிவிடும்.

கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அது நேருமாயின் பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தோன்றும். தடுப்பூசி மையங்களில் அனைவரையும் 30 நிமிடம் அமரச் செய்ததன் காரணம் இதுவே. அட்ரினலின் ஊசியை உடனே செலுத்தினால் இந்நிலையைக் கட்டுப்படுத்த இயலும்.

இரத்த உறைவு பற்றிய செய்தி

கோவிஷீல்டின் மூலத் தடுப்பூசியை உருவாக்கிய ஆஸ்ட்ராசெனகா நிறுவனம், மிக அரிதாக இரத்த உறைவு ஏற்படக்கூடும் என்று பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாக 2024 ஆம் ஆண்டில் செய்திகள் வந்தன. அடுத்த சில நாள்களில் அத்தடுப்பூசி சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த பலர் அச்சமுற்றனர். ஆனால் இந்தப் பக்கவிளைவு அன்று புதிதாக வெளிப்பட்டதன்று. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2021 ஏப்ரலிலேயே இதனை மிக அரிய பக்கவிளைவாக அறிவித்திருந்தது. புதிய தடுப்பூசிகள் மிகுந்து தேவை குறைந்ததே திரும்பப் பெற்றதற்குக் காரணம் என்று நிறுவனம் கூறியது.

இந்நிலையில் நிகழ்வது இதுதான்: இரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதத்திற்கு எதிராக உடல் தவறுதலாக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதனால் தட்டணுக்கள் தூண்டப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டி, மூளை, வயிறு போன்ற இடங்களின் இரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் தோன்றுகின்றன. அதே வேளையில் இரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைகிறது.

இந்தியாவில் 2021 மே மாதம் தேசியக் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, விரிவாக ஆராயப்பட்ட 498 கடுமையான நிகழ்வுகளுள் 26 நிகழ்வுகள் இரத்த உறைவாக இருக்கக்கூடியவை. பதிவானவற்றைக் கொண்டு கணக்கிட்டால், கோவிஷீல்டில் 10 இலட்சம் தவணைகளுக்கு 0.61 என்னும் விகிதம் அது. அரிது என்பதால் பொருட்படுத்தத் தகாதது என்று நாங்கள் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு அது பேரிழப்பே. எனினும் கொரோனா நோயால் இரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு இதனினும் பன்மடங்கு மிகுதி.

ஆண்டுகள் கழித்துத் தோன்றுமா?

இந்த இரத்த உறைவு பெரும்பாலும் ஊசி போட்ட 4 முதல் 42 நாள்களுக்குள் தோன்றுவது. ஆகவே 2021 இல் தடுப்பூசி பெற்று நலமாக இருப்பவர் இன்று அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. டி-டைமர் பரிசோதனையும் தேவையில்லை. நோய்த்தொற்று, அறுவை சிகிச்சை, கருவுற்ற காலம், முதுமை ஆகியவற்றாலும் அதன் அளவு உயரும். அறிகுறி ஏதுமின்றிச் செய்தால் அது குழப்பத்தையே தரும். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளைத் தாமாக உட்கொள்வதும், ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானவை.

இதயத் தசை அழற்சி என்பது பைசர், மாடர்னா ஆகிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளோடு தொடர்புடையது. பெரும்பாலும் இளம் ஆண்களிடம், இரண்டாம் தவணைக்குப் பின் ஒரு வாரத்திற்குள் தோன்றுவது. இவ்விரண்டும் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் பயன்படுத்தப்படவில்லை. வெளிநாட்டில் வாழும் உறவினர் குறித்துக் கேட்போருக்காகவே இதனைக் கூறுகிறோம்.

இளைஞர்களின் திடீர் மரணம்

உடற்பயிற்சியின்போதோ விளையாட்டின்போதோ இளைஞர் ஒருவர் மாண்டார் என்னும் செய்தி வரும்போதெல்லாம் தடுப்பூசியின் மீது ஐயம் எழுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளின் வழியாக 18 முதல் 45 வயதினரிடையே இதனை ஆராய்ந்தது. தடுப்பூசியால் திடீர் மரணத்தின் வாய்ப்பு கூடவில்லை என்பதே 2023 இல் வெளியான முடிவு. குடும்பத்தில் முன்னர் நேர்ந்த திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் தங்கியது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறி மது அருந்தியது, கடும் உடலுழைப்பு ஆகியவையே அவ்வாய்ப்பைக் கூட்டியவையாகக் காணப்பட்டன.

நாங்கள் வேண்டுவது

நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீரெனத் தோன்றும் கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வலியோடு கூடிய வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், காரணத்தை வீட்டிலிருந்தே ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டா. 108 ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீளாதது.

இனி எந்தத் தடுப்பூசியைப் பெறுவதாயினும், முன்னர் ஏற்பட்ட ஒவ்வாமை, இரத்த உறைவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள். ஊசிக்குப் பின்வரும் வாரங்களில் விடாத தலைவலி, பார்வை மங்கல், தொடர்ந்த வயிற்றுவலி, ஊசி போட்ட இடத்திற்கு அப்பால் தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள் ஆகியவை தோன்றினால், எந்த நாளில் எந்தத் தடுப்பூசி பெற்றீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றக்கூடும். வழக்கமாக இரத்த உறைவுக்குத் தரப்படும் ஹெப்பாரின் மருந்தை இந்நிலையில் தவிர்த்து, வேறு மருந்துகளையே மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர்.