ஒரே அம்பு, ஐந்து உயிர்! யார் அந்த வேடன்?

அடர்ந்த காடு.

பாணர் கூட்டம் ஒன்று அந்த வழியாக வந்துகொண்டிருக்கிறது. ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். கையில் யாழ், தோளில் முழவு. ஊர் ஊராகப் போய்ப் பாடி, ஆடிப் பிழைப்பவர்கள். பாடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

திடீரென்று ஓர் அம்பு பறக்கிறது!

அது யானை மீது பாய்கிறது. யானை சாய்கிறது. அம்பு நிற்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டிருந்த புலியைக் கொல்கிறது. அப்போதும் நிற்கவில்லை. புள்ளிமான் ஒன்றை உருட்டித் தள்ளுகிறது. உரல் போன்ற தலையுடைய காட்டுப் பன்றியை வீழ்த்துகிறது. கடைசியாக, பக்கத்தில் இருந்த புற்றுக்குள் புகுந்து, அங்கே கிடந்த உடும்பின் உடலில் தைத்து நிற்கிறது.

ஒரே அம்பு. ஐந்து உயிர்!

பாணர்கள் திகைத்துப் போனார்கள். அம்பு விட்டவன் அதோ இருக்கிறான். கையில் வில். சுற்றிலும் காடு. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

யார் அவன்? நல்லவனா? கெட்டவனா?

சற்றுப் பொறுங்கள். அவன் பெயரை இப்போது சொல்லப் போவதில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில்தான் இந்தக் கதையின் உயிரே இருக்கிறது.

பழைய கதை

இது சினிமாவுக்காக யாரோ எழுதிய கதை அல்ல. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு பாடப்பட்டது. பாடியவர் வன்பரணர் என்ற புலவர்.

புறநானூறு என்ற நூலில் 400 பாட்டுகள் உண்டு. அதில் 152-வது பாட்டு இது. உ.வே.சாமிநாதய்யர் பழைய ஓலைச் சுவடிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்து, 1894-ம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டார். அதனால்தான் இந்தக் கதை இன்று நம் கைக்கு வந்திருக்கிறது.

"பாட்டைப் போய்க் கதை என்கிறீர்களே!" என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு சிறுகதைக்கு என்ன வேண்டும்? ஆட்கள் வேண்டும். ஒரு சம்பவம் வேண்டும். "அடுத்து என்ன?" என்ற தவிப்பு வேண்டும். எதிர்பாராத ஒரு திருப்பம் வேண்டும். இத்தனையும் முப்பது வரிகளுக்குச் சற்று அதிகமான இந்தப் பாட்டில் இருக்கின்றன. ஒரு சாகசக் கதை எப்படி நம்மைக் கட்டிப்போடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது.

முதலில் அம்பு, பிறகு ஆள்

வன்பரணர் செய்த முதல் தந்திரம் என்ன தெரியுமா? ஆளைக் காட்டாமல் அம்பைக் காட்டியதுதான்.

"ஒருவன் ஐந்து விலங்குகளைக் கொன்றான்" என்று சொல்லியிருந்தால், ஒரே வரியில் கதை முடிந்துவிடும். அவர் அப்படிச் சொல்லவில்லை. முதல் ஐந்து வரிகளில் அம்பை மட்டும் ஓட விடுகிறார். நம் கண்ணும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. பெரிய யானையில் தொடங்கி, சின்ன உடும்பில் முடிகிறது. புலி என்றால் அதன் பிளந்த வாய். பன்றி என்றால் அதன் உரல் தலை. ஒவ்வொரு விலங்குக்கும் ஓரிரு சொல்தான். ஆனால் படம் பார்ப்பது போல் இருக்கிறது.

ஆறாவது வரியில்தான் வேடன் வருகிறான்!

"ஒரே அம்பு ஐந்து விலங்குகளைத் துளைக்குமா? நடக்கிற காரியமா?" என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி எப்போது எழுகிறது? அம்பு நின்ற பிறகுதான் எழுகிறது. ஓடும்போது நாமும் அதோடு ஓடுகிறோம். கேட்க நேரம் இல்லை. நல்ல கதையின் வேகம் அப்படிப்பட்டது.

பாட்டியும் சுண்ணாம்பும்

அடுத்த தந்திரம், கேள்வி.

பாணர் தலைவன் தனக்குள்ளே கேட்டுக்கொள்கிறான். "இந்தக் கொலைகாரன் யார்?" ஆம், பாட்டில் உள்ள சொல்லே 'கொலைவன்' என்பதுதான். பிறகு அந்த ஆளை உற்றுப் பார்க்கிறான். இறைச்சியை விலைக்கு விற்றுப் பிழைக்கும் வேடன் போலத் தெரியவில்லை. செல்வம் உள்ளவன் போல இருக்கிறான். அகன்ற மார்பில் ஆரம் தொங்குகிறது. ஒருவேளை, அருவி பாயும் அந்த மலைக்கே தலைவனோ? இல்லையோ?

துப்பறியும் கதையில் வருவது போல, ஒவ்வொரு தடயமாக நமக்குக் கிடைக்கிறது. விடை மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாவது தந்திரம், தாமதம்.

உங்கள் வீட்டுப் பாட்டி கதை சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? ராட்சசன் வந்து கதவைத் தட்டுகிற இடம் வரும். உடனே பாட்டி கதையை நிறுத்திவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார். "அப்புறம் என்ன ஆச்சு, பாட்டி?" என்று பேரப்பிள்ளைகள் துடிப்பார்கள். பாட்டி அவசரப்படமாட்டார். நிதானமாகச் சுண்ணாம்பு தடவுவார்.

வன்பரணரும் அதையேதான் செய்கிறார். "நீ யார்?" என்று பாணர் தலைவன் நேராகப் போய்க் கேட்கவில்லை. தன்னுடன் வந்த பெண்களிடம், ஒரு பாட்டுப் பாடப் போவதாகச் சொல்கிறான். முழவுக்கு மண் பூசச் சொல்கிறான். யாழில் பண்ணைக் கூட்டச் சொல்கிறான். யானையின் துதிக்கை போன்ற தூம்பை எடுக்கச் சொல்கிறான். எல்லரி, ஆகுளி என்று ஒவ்வொரு வாத்தியமாகச் சொல்லிக்கொண்டே போகிறான். பதலை என்ற வாத்தியத்தை மட்டும் மெதுவாக வாசிக்கச் சொல்கிறான். நடுக்காட்டில், ஐந்து உயிர்களைக் கொன்ற ஒருவன் எதிரே இருக்கும்போது, வேறு எப்படி வாசிப்பது?

இத்தனையும் நடக்கும்வரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

நாணம் வந்தது

பாட்டு நடக்கிறது. மொத்தம் 21 துறைகள். முறைப்படி எல்லாவற்றையும் பாடி முடித்து, கடைசியில் "கோ" என்கிறார்கள். கோ என்றால் அரசன்.

அதைக் கேட்டதும் அந்த ஆள் என்ன செய்தான்? நிமிர்ந்து மீசையை முறுக்கினானா? "நான் யார் தெரியுமா?" என்று முழங்கினானா?

இல்லை. அவனுக்கு நாணம் வந்துவிட்டது!

யானையைச் சாய்த்தவன், புலியைக் கொன்றவன், தன்னைப் புகழ்ந்ததும் கூசிப் போகிறான். இந்த ஓர் இடத்தில்தான் அவன் நம் மனத்தில் மனிதனாக வந்து உட்காருகிறான். அம்பைப் பார்த்து நாம் அவனை வியந்தோம். நாணத்தைப் பார்த்ததும் அவனை நேசிக்கத் தொடங்குகிறோம்.

"இவன் அடக்கமானவன்" என்று புலவர் எங்கும் சொல்லவில்லை. அவன் செய்ததைச் சொன்னார். அவன் குணம் நமக்குத் தானாகவே விளங்கிவிட்டது. பாத்திரப் படைப்பு என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

கதை இன்னும் முடியவில்லை. நாடு நாடாகச் சுற்றி வந்தவர்கள் தாங்கள் என்றும், அவனைப்போல ஒரு வேடன் எங்கும் இல்லை என்றும் பாணர்கள் சொல்கிறார்கள். அடுத்து, தங்களுக்கு வேண்டியதைக் கேட்க வாயெடுக்கிறார்கள்.

அவன் கேட்கவே விடவில்லை!

வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தான். உருக்கிய நெய் போன்ற மதுவைக் கொடுத்தான். தன் மலையில் கிடைத்த பொன்னையும், குவியலாக மணிகளையும் சேர்த்து, "கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டான். அரண்மனையில் அல்ல, சபை நடுவே அல்ல, பார்க்க ஆள் இல்லாத காட்டு வழியில்!

கடல் கடந்து ஒரு வேடன்

இதே போல வேட்டைக்காரனை வைத்து எழுதப்பட்ட ஒரு கதை உலகம் முழுவதும் பெயர் பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்டு கானெல் 1924-ம் ஆண்டில் எழுதியது. 'மிகவும் ஆபத்தான வேட்டை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1932-ல் சினிமாவாகவும் வந்தது.

ரெயின்ஸ்போர்டு என்பவன் பேர்போன வேட்டைக்காரன். இரவு நேரத்தில் கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிடுகிறான். நீந்திப் போய் ஒரு தீவில் கரை ஏறுகிறான். இருட்டில் ஏதோ ஒரு பிராணி அலறும் சத்தம். என்ன பிராணி என்று அவனுக்கே தெரியவில்லை!

அந்தத் தீவில் ஒரு பெரிய மாளிகை. அங்கே ஜாரோப் என்ற தளபதி அவனை வரவேற்கிறான். இனிமையாகப் பேசுகிறான். நல்ல உடை தருகிறான். விருந்து வைக்கிறான். விருந்தின்போதுதான் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வருகிறது. விலங்குகளை வேட்டையாடி ஜாரோப்புக்குச் சலித்துவிட்டது. அவன் இப்போது வேட்டையாடுவது மனிதர்களை! அடுத்த வேட்டை யார்? விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ரெயின்ஸ்போர்டுதான்!

முடிவை நான் சொல்லமாட்டேன். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வேடன். இரண்டிலும் தனியான இடம். இரண்டிலும் "இவன் யார்?" என்ற ஒரே கேள்வி. ஆனால் தீவுக்காரன் விருந்தை முதலில் வைக்கிறான். கொலை பிறகு வருகிறது. நம் காட்டு வேடன் கொலையில் தொடங்குகிறான். விருந்து பிறகு வருகிறது. அங்கே இனிய பேச்சுக்குள் கொடியவன் ஒளிந்திருந்தான். இங்கே கொலைவனுக்குள் வள்ளல் ஒளிந்திருந்தான்!

பெயர் எங்கே?

சரி, நம் வேடன் யார்?

அவன்தான் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டில் ஓரி என்ற பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் "ஓரியோ? அல்லவோ?" என்ற சந்தேகமாகத்தான் வருகிறது. அந்தச் சந்தேகத்துக்கு விடை கடைசியில் கிடைக்கிறது. அங்கேயும் அவன் பெயர் இல்லை. அவனுடைய மலையின் பெயர் இருக்கிறது. கொல்லி!

அந்த மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து பஸ் ஏறினால், மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் "அடுத்து என்ன?" என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். மிளகும் பலாவும் விளைகிற மலை. பாட்டில் வரும் அருவியை நினைவூட்டுவது போல, இன்றும் அங்கே ஆகாய கங்கை விழுகிறது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அவன் பெயரால் விழா நடக்கிறது.

ஓரியின் முடிவு

ஓரியின் கதை சந்தோஷமாக முடியவில்லை.

முள்ளூரை ஆண்டவன் காரி. அவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவன்தான். அவன் ஓரியோடு போரிட்டு, அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான். இதை அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். ஓரியின் பெரிய தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் சொல்கிறார்.

கொன்றவனும் வள்ளல், இறந்தவனும் வள்ளல். யாரை வில்லன் என்பது? வாழ்க்கை சில நேரங்களில் கதையைவிடச் சிக்கலாக இருக்கிறது.

மலை கைமாறியது. ஆனால் அந்தப் பாட்டு கைமாறவில்லை. அது இன்னும் ஓரியிடமே இருக்கிறது!

கழைதின் யானையார் என்ற புலவரும் ஓரியைப் பாடியிருக்கிறார். பிறரிடம் கேட்பது இழிவு, கேட்டவருக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்பது அந்தப் பாட்டின் கருத்து. புறநானூற்றில் 204-வது பாட்டு அது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாணர்களைக் கேட்கவே விடாமல் ஓரி ஏன் கொடுத்தான் என்பது புரியும். அவன் கொடுத்தது பொன் மட்டும் அல்ல. கேட்கிற கூச்சத்திலிருந்தும் அவர்களைக் காப்பாற்றினான்.

இன்று இரவு சொல்லுங்கள்

"கடையெழு வள்ளல்களில் ஒருவன் வல்வில் ஓரி. கொல்லிமலையை ஆண்டான். ஒரே அம்பில் ஐந்து விலங்குகளைக் கொன்றான்." இப்படித்தான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். மூன்று வரி. இரண்டு மார்க். பரீட்சை முடிந்ததும் மறந்து போகிறது. ஏன்? பெயரை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கேட்பதற்குக் கேள்வி எதுவும் மிச்சம் இல்லை.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதையை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள். அம்பிலிருந்து ஆரம்பியுங்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு. பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் சுண்ணாம்பு தடவுங்கள்.

"யார் அவன்?" என்று குழந்தை கேட்கும்.

அப்போது நீங்களும் அவசரப்படாதீர்கள்!