ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கம்

ஆதார் வழங்கும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் தலைமையகம் புதுதில்லியில் இருக்கிறது. அதன் அஞ்சல் குறியீடு 110001. முதல் இரண்டு இலக்கங்களே தில்லி என்று சொல்லிவிடும். ஆதார் எண்ணில் இப்படி எதையும் படிக்க முடியாது. ஊர், வயது, சாதி எதுவும் அதில் இல்லை. நல்ல முடிவு அது. முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது. மற்றபடி முதல் பதினொரு இலக்கங்களும் குருட்டாம்போக்கில் அமைபவை. அவற்றால் 8,000 கோடி எண்கள் கிடைக்கும். பன்னிரண்டாவது மட்டும் முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டு எழுதப்படுகிறது. அதன் பெயர் சரிபார்ப்பு இலக்கம்.

எண்களை எழுதும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டே வகை: ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதுவது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றுவது. முதல் வகையைப் பிடிப்பது எளிது. இரண்டாவதுதான் படுத்துகிறது.

கடைப் பொருள்களின் மேல் உள்ள 13 இலக்க பார்கோடைப் பாருங்கள். அதன் இலக்கங்களை 1, 3 என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 10இன் மடங்கு வரவேண்டும். அதில் 16 என்று வரும் இடத்தில் 61 என்று எழுதிவிட்டால்? 1×1 + 6×3 = 19. 6×1 + 1×3 = 9. இரண்டும் 9இல் முடிவதால் பிழை தப்பிவிடுகிறது. 1, 3க்குப் பதில் வேறு பெருக்கிகளைப் போட்டாலும் பயனில்லை. ஒற்றை இலக்கப் பிழை அகப்பட வேண்டுமானால் பெருக்கிக்கும் 10க்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. ஆகவே எல்லாப் பெருக்கிகளும் ஒற்றைப்படை. இரண்டு ஒற்றைப்படை எண்களின் வேறுபாடு எப்போதும் இரட்டைப்படை. அதை 5ஆல் பெருக்கினால் 10இன் மடங்கு. எனவே 5 வித்தியாசமுள்ள இலக்கங்கள் இடம் மாறினால் கணக்குக்குத் தெரியாது. 10 பகா எண்ணாக இல்லாததன் விளைவு இது. நூல்களுக்கான பழைய 10 இலக்க ஐஎஸ்பிஎன் பகா எண்ணான 11ஐப் பிடித்துக்கொண்டு தப்பித்தது. ஆனால் 10 என்ற மீதிக்கு எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வங்கி அட்டைகளுக்கான லூன் முறையிலும் 09, 90 என்று மாறினால் தெரியாது.

எழுத்தும் சேர்க்காமல், இரண்டு பிழைகளையும் தப்பவிடாமல் பிடிக்கும் வழியை 1969இல் வெளியிட்டவர் நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹோஃப். அவர் சாதாரணக் கூட்டலையே விட்டுவிட்டார். ஒரு சம ஐங்கோண அட்டையைச் சுழற்றி அதே இடத்தில் பொருத்த, அசைக்காமல் விடுவதையும் சேர்த்து, 5 வழிகள். புரட்டிப் பொருத்த 5 வழிகள். மொத்தம் 10. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை ஓர் இலக்கம். இரண்டு இலக்கங்களைச் சேர்ப்பது என்றால், அந்த இரண்டு அசைவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. சுழற்றிவிட்டுப் புரட்டினால் ஒரு நிலை, புரட்டிவிட்டுச் சுழற்றினால் வேறு நிலை. வரிசை மாறினால் விடையும் மாறுகிறது! சுழற்சிகள் தமக்குள் வரிசை மாறினால் விடை மாறாது என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் இலக்கங்களைக் கலைத்துப்போடும் அட்டவணை ஒன்றையும் சேர்த்தார். இந்த முறையில் 236க்குச் சரிபார்ப்பு இலக்கம் 3. முழு எண் 2363. ஆதாரின் கடைசி இலக்கம் வருவதும் இந்த முறையில்தான்.

இது தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும், மோசடியை அல்ல. விதி தெரிந்த எவரும் பொருந்தும் எண்ணை உருவாக்கிவிடலாம். மனம்போனபடி எழுதிய எண்ணும் பத்துக்கு ஒன்று பொருந்தும். ஆகவே யாராவது ஆதார் அட்டையை நீட்டினால் எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டில் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. ஆணையத்தின் செயலியால் அதை ஸ்கேன் செய்து பாருங்கள்.