14.4க்கும் 56க்கும் நடுவே 900 ரூபாய்

செகந்தராபாத் பார்க் லேனில், செனாய் டிரேட் சென்டரில், 2000களின் நடுவில் கணினி வாங்கியவர்கள் பலருக்கு உள்ளே கிடைத்தது சாஃப்ட் மோடம். அந்த அட்டையில் தொலைபேசிக் கம்பியைச் சேர்க்கும் மின்சுற்றைத் தவிர அதிகம் இருக்காது. மோடம் செய்ய வேண்டிய கணக்கை கணினியின் செயலியே செய்யும். அதைச் சொல்லிக்கொடுப்பது டிரைவர். விண்டோஸ் டிரைவர் அட்டையோடு குறுந்தகட்டில் வரும், தனி விலை இல்லை.

லினக்ஸில் கதை வேறு. கொனெக்ஸன்ட் நிறுவனத்தின் ஹெச்எஸ்எஃப் சில்லுகளுக்கான டிரைவரை கனடாவின் லினக்ஸன்ட் விற்றது. இலவசப் பதிப்பு விநாடிக்கு 14.4 கிலோபிட்டில் நின்றுவிடும், ஃபேக்ஸும் போகாது. 56 வேண்டுமென்றால் 19.99 டாலர். டாலருக்கு 45 ரூபாய் என்று வைத்தால் 900 ரூபாய்.

இந்த 900ஐ டெலிபோன் பில்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 3 நிமிடத்துக்கு ஒரு யூனிட், யூனிட் 1.20 ரூபாய் என்று கொள்வோம். 10 எம்பி கோப்பு 56இல் இறங்க 25 நிமிடம்: 9 யூனிட், 10.80 ரூபாய். 14.4இல் 97 நிமிடம்: 33 யூனிட், 39.60 ரூபாய். ஒவ்வொரு 10 எம்பிக்கும் 28.80 கூடுதல். 32ஆவது கோப்போடு இலவச டிரைவரின் கூடுதல் செலவு 900 ரூபாயைத் தாண்டிவிடும். முழு வேகம் கிடைப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. இரைச்சல் உள்ள கம்பியில் 56 எட்டாது.

பணம் கட்டினாலும் தொல்லை தீராது. டிரைவரின் வெளி உறைக்குத்தான் மூல நிரல் உண்டு; மோடத்தின் உயிரான பகுதி மூடிய கோப்பு. லினக்ஸின் மையமான கர்னல் மாறினால் உறையை மறுபடி தொகுக்க வேண்டும். அதற்கான ஹெடர் கோப்புகளை இறக்க இணையம் வேண்டும்; இணையத்துக்கு மோடம் வேண்டும்! கர்னலைப் புதுப்பித்தவர் அடுத்த தெரு நண்பர் வீட்டுக்குத்தான் குறுந்தகட்டோடு போக வேண்டும்.

மூடிய டிரைவர் ஏறினால் கர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்ளும். அதன்பின் வரும் பிழைப் புகார்களைக் கர்னல்காரர்கள் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். 2004 ஏப்ரலில் ஒரு விஷயம் வெளிவந்தது. லினக்ஸன்ட் தன் டிரைவரின் உரிம வரியில், திறந்த உரிமத்தைக் குறிக்கும் ‘ஜிபிஎல்’ என்ற 3 எழுத்துக்குப் பின் ஒரு பூஜ்ய பைட்டை வைத்திருந்தது. கர்னல் பூஜ்யத்தோடு படிப்பதை நிறுத்திவிடும், கறையும் விழாது. எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்புகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் அதை ஏற்கவில்லை. எச்சரிக்கை பயனருக்குச் சேர வேண்டிய உண்மை.

எனக்கு வலிக்கும் இடம் வேறு. கொனெக்ஸன்ட்டுக்கு அப்போது ஹைதராபாத்திலேயே பொறியியல் மையம் இருந்தது. ஸ்வேச்சா அமைப்பினர் அதே ஊரில் லினக்ஸைத் தெலுங்கில் கொண்டுவர உழைத்துக்கொண்டிருந்தார்கள். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. சில்லின் ஆவணங்கள்தான் பூட்டிக் கிடந்தன.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் அகலப்பட்டை வந்தது: 256 கிலோபிட், மாதம் 500 ரூபாய். ஏடிஎஸ்எல் பெட்டியை ஈதர்நெட்டில் செருகினால் லினக்ஸுக்கு மோடம் டிரைவர் தேட வேண்டியதில்லை. அதே 10 எம்பி ஐந்தரை நிமிடத்தில் இறங்கியது, யூனிட் ஓடவில்லை.