நேராக்கிய ஆறு மீண்டும் வளைகிறது

ஆறுகள் பொதுவாகத் தானாகச் செங்கோணத்தில் திரும்புவதில்லை. டொரன்டோ நகரின் டான் ஆறு ஏறத்தாழ நூறாண்டுகள் அப்படித்தான் திரும்பியது. தெற்கு நோக்கி வந்த ஆற்றை, ஒன்டாரியோ ஏரியைத் தொடும் முன், கீட்டிங் கால்வாய்க்குள் மேற்காக மடக்கிவிட்டிருந்தார்கள். திருப்பத்தில் வேகம் குறைந்த நீர், சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கியது. தூர்வாரத் தூர்வார மறுபடி மேடிட்டது. பெருமழை பெய்தால் வெள்ளம் கரையேறியது.

டான் சிறிய ஆறு. நீளம் சுமார் 38 கிலோமீட்டர். நகருக்கு வடக்கே, ஓக் ரிட்ஜஸ் மொரைன் என்ற மேட்டு நிலத்தில் பிறக்கிறது. பனியூழியின் இறுதியில் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் அங்கே மழைநீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு ஊற்றுகளாகக் கசியவிடுகின்றன. கீழே பள்ளத்தாக்கோ, இந்தச் சிற்றாற்றுக்குப் பொருந்தாத அகலம். அதைப் பார்த்துத்தான் 1793இல் துணைநிலை ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஓடும் டான் ஆற்றின் பெயரை இதற்கு வைத்தார். பூர்வகுடிகள் அழைத்த பெயர் வான்ஸ்கோட்டியோனாக் என்று அவர் மனைவி எலிசபெத் நாட்குறிப்பில் பதிந்தார். தீப்பட்ட நிலத்தைக் குறிக்கும் பெயர் என்பார்கள். வரைபடத்தில் நிலைத்தது டான் மட்டுமே.

பிறகு ஆலைகள் வந்தன: மரம் அறுக்க, மாவு அரைக்க, காகிதம் செய்ய. 1889 முதல் பள்ளத்தாக்கின் களிமண்ணைத் தோண்டிச் செங்கல் சுட்டார்கள். 1880களில் கீழாற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். முகத்துவாரத்தில் இருந்த ஆஷ்பிரிட்ஜஸ் விரிகுடா, ஒன்டாரியோ ஏரிக்கரையின் மிகப் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று. அதன் கரையில் இருந்த சாராய ஆலையின் மாட்டுக்கொட்டில்களிலிருந்து சாணம் அதற்குள் போனது. கெடுத்தவர்களே அதை நோய் பரப்பும் இடம் என்று பழித்து, 1912க்குப் பின் மண்கொட்டி மூடித் துறைமுக நிலமாக்கினார்கள். வண்டலை வாங்கி, வெள்ளத்தைத் தாங்கி, மீனுக்கும் பறவைக்கும் இடம் தந்த பகுதி அது. ஆற்றின் வேலையில் பாதியை அந்தச் சதுப்புதான் செய்துவந்தது என்பது என் எண்ணம்.

1960களில் பள்ளத்தாக்கு நெடுகப் பெருஞ்சாலை போட்டார்கள். 1969இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் டான் செத்துவிட்டதென்று அதற்கு இறுதி ஊர்வலமே நடத்தினார்கள். 2013 ஜூலை 8 மாலை பெய்த மழையில், ஆற்றோரத் தண்டவாளத்தில் ஒரு பயணிகள் ரயில் வெள்ளத்தில் சிக்க, உள்ளே இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது.

மண்கொட்டிய அதே நிலத்தை அகழ்ந்து, சுமார் ஒரு கிலோமீட்டருக்கு வளைந்தோடும் புது முகத்துவாரம் இப்போது அமைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கிடங்குகளால் நஞ்சேறிய மண் என்பதால், கசிவு ஆற்றில் கலக்காதபடி தடுப்பு போட வேண்டியிருந்தது. கரை மண் சரியாமலிருக்கத் தென்னை நார் விரிப்பு. செடிகள் வேர்பிடித்த பிறகு நார் மக்கிப்போகும்.

தோண்டும்போதுதான் அந்த அதிசயம். பல மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த பழைய சதுப்பு மண் வெளிச்சமும் காற்றும் பட்டதும் பச்சை விட்டது. கோரையும் சம்பும் முளைத்திருந்தன. நூறாண்டுக்கு முன் புதைந்த விதைகள்! ஈரமும் குளிர்ச்சியும் இருட்டும் ஆக்சிஜன் இன்மையும் சேர்ந்து அவற்றை உறங்கவைத்திருந்தன. முளைத்தவற்றைப் பெயர்த்து எடுத்துப் பாதுகாத்தார்கள்.

புது ஆற்றால் உருவான தீவுக்கு 2024இல் ஊக்வெமின் மினிசிங் என்று அனிஷினாபே மொழியில் பெயரிட்டார்கள்; கருஞ்செர்ரி மரங்கள் உள்ள இடம் என்று பொருள். 2025இல் திறந்த ஆற்றோரப் பூங்காவின் பெயர் பிடாசிகே. ஆறு மட்டும் இன்னும் யார்க்‌ஷயர்ப் பெயரில்தான் ஓடுகிறது.

முகத்துவாரம் சீராகிவிட்டதால் மேலாறும் சீராகிவிட்டதென்று ஆகாது. வடிநிலத்தின் பெரும்பகுதி வீடும் சாலையும்தான். மழைநீர் மண்ணில் இறங்க வழியின்றி நேரே ஆற்றுக்கு ஓடிவருகிறது. 2024 ஜூலையில் அந்தப் பள்ளத்தாக்குப் பெருஞ்சாலை மறுபடி மூழ்கியது. பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போவதால், கனமழையில் நிரம்பிக் கழிவு ஆற்றில் கலக்கிறது. அதைத் தடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக, நகராட்சி பூமிக்கடியில் பெரிய சுரங்கக் குழாய்களை அமைத்துவருகிறது.