நெஞ்சு வலிக்கு சோடாவா? நாற்பதிலேயே மாரடைப்பு வருவது ஏன்?

நெல்லை வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால், இப்படி ஒரு பேச்சு என்றைக்காவது காதில் விழும்.

"நம்ம கடைக்காரரு போயிட்டாராமே?"

"நேத்துகூட கடையில பாத்தேனே! என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தஞ்சு தாண்டல அண்ணாச்சி. நெஞ்சு வலிக்குன்னாராம். வாயுன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்தாராம்..."

வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்லை. இருந்தும் கால்கள் முதலில் போவது சோடா கடைக்கு!

சிங்கப்பூரில் தெரிந்தது

சின்ன வயதில் மாரடைப்பு என்பது இன்று நேற்று வந்தது அல்ல. 1950-களில் டாக்டர் தனராஜும் அவருடைய குழுவினரும் சிங்கப்பூரில் 9,568 பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது.

அங்குள்ள சீனர்களைவிட இந்தியர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 7 மடங்கு அதிகம்!

ஒரே ஊர். ஒரே வெயில். அங்கே குடியேறிய இந்தியர்களில் தமிழர்களே அதிகம். அப்படியானால் நம் ரத்தத்திலேயே ஏதாவது இருக்கிறதா?

தகப்பன் கொடுத்த சொத்து

இருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் 'லிப்போபுரோட்டீன் ஏ'. ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் துகள் இது. தாயும் தகப்பனும் கொடுத்த மரபணுதான் இதன் அளவை முடிவு செய்கிறது. அல்வாவை விட்டாலும் குறையாது. ஆற்றங்கரையில் தினமும் நடந்தாலும் குறையாது. வெள்ளைக்காரர்களையும் சீனர்களையும் விட இந்தியர்களுக்கு இது பொதுவாக அதிகம்.

இது என்ன செய்யும்? காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? டாக்டர்கள் அதை 'அழற்சி' என்பார்கள். ரத்தக்குழாயின் சுவரில் கொழுப்பு ஒட்டும்போது அங்கேயும் அதே கதைதான். லிப்போபுரோட்டீன் ஏ அந்த அழற்சியைக் கிளறிவிடுகிறது. கொழுப்புக் கட்டியின் மேல்தோல் மெலிகிறது. ஒருநாள் கிழிகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

"தலையெழுத்து" என்று கையை விரித்துவிட வேண்டாம். ஆப்பிரிக்க மக்களுக்கு இந்தத் துகள் நம்மைவிடவும் அதிகம்!

கொட்டாரக்கரை டாக்டர்

செங்கோட்டையில் இருந்து கொல்லம் போகும் ரெயில் பாதையில் கொட்டாரக்கரை இருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவர் டாக்டர் சலீம் யூசுப். அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி 2004-ல் வெளியானது. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தொப்பை, கெட்ட கொழுப்பு, மனக்கவலை என்று 9 காரணங்களே சுமார் 90 சதவீத மாரடைப்புக்குப் பின்னால் இருந்தன.

அதே ஆராய்ச்சியில் 2007-ல் இன்னொன்றும் தெரிந்தது. முதல் மாரடைப்பு மற்ற நாட்டவருக்கு 59 வயது வாக்கில் வந்தது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்கு ஆசியர்களுக்கு 53-லேயே வந்துவிட்டது. ஏன்? அந்தக் காரணங்கள் நம்மவர்களுக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பீடியை அணைக்கலாம். சர்க்கரையை அடக்கலாம். தகப்பன் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்க முடியாது!

14 மாத்திரை

நெஞ்சை அமுக்குவதுபோல வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவுதல், குப்பென்று வியர்வை, மூச்சுத்திணறல். இவை வந்தால் 108-ஐ அழைக்கவேண்டும். பைக்கைத் தானே ஓட்டிக்கொண்டு போகக்கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு என்று தெரிந்தால் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மருந்துக்கடையில் வாங்கி நாமே விழுங்கும் சமாச்சாரம் அல்ல இது.

தகப்பனாருக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, தாயாருக்கோ அக்காள் தங்கைக்கோ 65-க்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், வலி வரும்வரை காத்திருக்கவேண்டியது இல்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இப்போதே பார்த்துவிடலாம். லிப்போபுரோட்டீன் ஏ பரிசோதனை பெரும்பாலும் ஆயுளுக்கு ஒருமுறை போதும்.